எத்தனை அங்குலம் உயர்த்தலாம்?

கிளிநொச்சியிலிருந்து என் மருமகன் தொலைபேசியில் அழைத்து, "மாமா, ஒரு சஸ்பென்ஷன் விடயம், உங்களோடை கதைக்க வேணும்" என்றபோது நான் திடுக்கிட்டுப் போனேன். "யாரை நிறுத்தினார்கள்? எதற்காக?" என்று கேட்டேன். முப்பது ஆண்டுகளாகப் பாடசாலையிலே காலங்கழித்தவனுக்கு அச்சொல் ஒரேயொரு பொருளைத்தான் தரும். அவன் சிரித்துக்கொண்டு, எவரும் வேலையிலிருந்து நிறுத்தப்படவில்லை என்றும், தன்னுடைய பிக்கப் வண்டியைத் தாங்கி நிற்கும் விற்களைப் பற்றியே தான் பேசுவதாகவும் விளக்கினான். வண்டியை நான்கு அங்குலம் உயர்த்தப் போகிறானாம். அதற்கு வேண்டிய பணத்திற் பாதியை நான் கடனாகத் தரவேண்டுமாம்.

அன்று மாலையே என் தங்கை அழைத்தாள். "அண்ணை, அவன் உங்கடை சொல்லை மட்டுந்தான் கேட்பான். அந்த உயர்த்திற வேலை வேண்டாமெண்டு சொல்லுங்கோ. போன வருஷம் வயல்வரம்பிலை பிரண்ட வண்டியும் உப்பிடி உயர்த்தின வண்டிதானாம்" என்றாள். அவள் கணவனை இழந்தவள். அந்த வண்டியே அவ்வீட்டின் சோறு. வண்டியை வாங்கிய காலத்தில் கடன்பத்திரத்திற் பிணை நின்று கையெழுத்திட்டவன் நான். ஆகவே வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ ஒரு சொல்லைச் சொல்லியே தீரவேண்டியவனானேன். சொல்லுக்குப் பஞ்சமில்லாத தொழில் எனது. ஆனால் இந்தப் பொருளில் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது.

வண்டியும் அதன் வேலையும்

நம்மவர் 'கெப்' என்று வழங்கும் இந்த வண்டி ரொயோட்டா ஹைலக்ஸ் வகையைச் சேர்ந்தது. 1968 ஆம் ஆண்டில் யப்பானிலே பிறந்த இப்பெயர் இன்று வன்னியிற் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். மருமகனிடம் இருப்பது 2001 ஆம் ஆண்டு வண்டி. 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. இடைப்பட்ட அந்த ஐந்தாண்டுகளிற் பழைய வண்டிகளைப் பொன்போலப் பேணிக்கொள்ளாதவர் இலர். அவனும் பேணினான். எனினும் அதன் முதுகிற் பாரம் ஏற்றுவதை நிறுத்த அவனால் இயலவில்லை. நெல் மூட்டை, பசளை மூட்டை, சந்தைக்கு மரக்கறி, அறுவடைக் காலத்தில் வயலுக்குச் செல்லும் பெண்கள் என்று ஆண்டு முழுவதும் அதற்கு ஓய்வில்லை.

உயர்த்தவேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு வீண்பகட்டினாலே தோன்றியதன்று. 2018 மார்கழியில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கிய நாள்களை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். அவற்றுள் ஓரிரவு, பிரசவ வேதனையிலிருந்த அயல்வீட்டுப் பெண்ணை ஏற்றிக்கொண்டு அவன் புறப்பட்டான். ஊருக்கு வெளியேயுள்ள தாம்போதியை அடைந்தபோது தண்ணீர் அதன்மேற் பாய்ந்துகொண்டிருந்தது. சிறிது தூரம் இறங்கிப் பார்த்துவிட்டு, அஞ்சிப் பின்வாங்கித் திரும்பிவிட்டான். பின்னர் உழவு இயந்திரக்காரர் ஒருவர் அப்பெண்ணைப் பெட்டியில் ஏற்றி, மேட்டுப் பாதையாற் சுற்றிச் சென்று வைத்தியசாலையிற் சேர்த்தார். பிள்ளை நலமாகப் பிறந்து இன்று பள்ளிக்கூடம் போகிறது. ஆயினும் அன்றிரவு மூன்று மணி நேரம் அந்தத் தாய் கதறிய குரல் அவன் காதைவிட்டு அகலவில்லை. "நாலு அங்குலம் உயர்ந்திருந்தால் போயிருப்பன் மாமா" என்று அவன் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன்.

முதலில் எனக்குத் தோன்றியது புத்திமதி சொல்வதுதான். மிக மெல்லிய மயிலிறகையும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதலிற் சொன்னது என் நாவின் நுனியில் நின்றது. அதே கிழமையில் வகுப்பிலே புறநானூறு நடத்திக்கொண்டிருந்தேன். அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார், உப்பு வணிகர் தம் வண்டியின் அடியிலே கட்டிச் செல்லும் மாற்று அச்சுக்கு ஒப்பிடுகின்ற பாட்டு அது. பழக்கமில்லாத இளம் மாடுகள், மிகுந்த பாரம், எங்கே பள்ளம் எங்கே மேடு என்று முன்கூட்டி அறிய இயலாத வழி. ஆகையால் முன்னெச்சரிக்கையாக இன்னோர் அச்சு. இப்பாட்டை முப்பது ஆண்டு நடத்தியிருக்கிறேன். உவமையின் நயத்தை எடுத்துச் சொன்னேனே அன்றி, ஒரு வண்டியின் அடியிலே ஒருநாளாவது குனிந்து பார்த்தேனில்லை. பாராதவன் புத்தி சொல்வது எவ்வாறு? சனிக்கிழமை காலைப் பஸ்ஸிற் கிளிநொச்சிக்குப் புறப்பட்டேன்.

அளவு எடுத்தல்

மருமகன் என்னை ஒரு கராச்சுக்கு அழைத்துச் சென்றான். அங்குள்ள மெக்கானிக் எழுபதை நெருங்கியவர்; குறைவாகப் பேசுபவர். "எத்தனை அங்குலம் உயர்த்துவியள்?" என்று மருமகன் கேட்டதற்கு அவர் விடை சொல்லவில்லை. வண்டியிலிருந்த சாமான்களை எல்லாம் இறக்குவித்தார். சமதளமான சீமெந்துத் தரையிலே நிறுத்தச் செய்தார். பிறகு அளவு நாடாவை எடுத்து, சில்லின் நடுப்புள்ளியிலிருந்து அதன்மேல் வளைந்திருக்கும் மட்காட்டின் விளிம்புவரை நான்கு பக்கமும் அளந்தார்.

"நிலத்திலிருந்து ஏன் அளக்கவில்லை?" என்று கேட்டேன்.

"ரயரிலை காத்துக் குறைஞ்சாலும், ரயர் தேஞ்சாலும் அந்த அளவு மாறும் ஐயா. வில்லின்ரை சங்கதி தெரியவேணுமெண்டால் நடுப்புள்ளியிலை இருந்துதான் அளக்கவேணும்" என்றார்.

பின்பு, அதே வகையைச் சேர்ந்த, அண்மையிலே புது வில் போட்ட வேறொரு வண்டி அங்கே நின்றதனால் அதனையும் அளந்து ஒப்பிட்டார். மருமகனின் வண்டி பின்புறத்தில் ஏறக்குறைய இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தது. வலப்பக்கத்தைக் காட்டிலும் இடப்பக்கம் அரை அங்குலம் கூடுதலாகத் தாழ்ந்திருந்தது. "தம்பி, நீர் நாலு அங்குலம் கேக்கிறீர். அதிலை பாதி உம்மடை வண்டி இழந்த உயரம். முதல் அதைத் திருப்பி எடுப்பம், மிச்சத்தைப் பிறகு யோசிப்பம்" என்றார் அவர். நோயின் வரலாற்றைக் கேட்டறியாமல் மருந்து கொடாத பழைய பரியாரியார் ஒருவரை எனக்கு அவர் நினைவூட்டினார்.

வில் என்னும் சொல்

இவ்வண்டியின் பின்பாரத்தைத் தாங்குவது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உருக்குத் தகடுகளாலான வில். மேலே நீண்ட தகடு. அதன் இரு நுனிகளும் காதுபோலச் சுருண்டு சட்டத்தோடு பிணைந்திருக்கும். கீழே செல்லச் செல்லத் தகடுகள் குறுகும். நடுவில் அச்சு கட்டப்பட்டிருக்கும். நம் தமிழ் இதற்கு 'வில்' என்று பெயரிட்டது மிகப் பொருத்தம். என் பாட்டனாரிடம் இருந்த வில்வண்டியிலும் இதே அமைப்புத்தான் இருந்தது. வேட்டுவனின் வில் வளைந்து ஆற்றலைச் சேமித்து அம்புக்குக் கொடுக்கிறது. வண்டியின் வில்லோ வளைந்து அதிர்ச்சியை வாங்கித் தன்னுள்ளே அடக்குகிறது. பல்லாண்டு பாரம் சுமந்த வில் தன் வளைவை இழந்து தட்டையாகும். அதுவே இவன் வண்டிக்கு நேர்ந்தது.

முன்புறத்திலே இத்தகைய வில் இல்லை. அங்கே நீண்ட உருக்குத் தண்டு ஒன்று, நாம் ஈரத் துணியை முறுக்குவதுபோல முறுகி நின்று பாரத்தைத் தாங்குகிறது. அதன் முனையிலுள்ள திருகாணியைத் திருகினால் வண்டியின் முகம் உயரும். செலவில்லாத வழியாதலின் பலர் இதனையே முதலில் நாடுவர். ஆனால் அளவுக்கு மிஞ்சித் திருகினால், சில்லு பள்ளத்தில் இறங்குவதற்கு வேண்டிய இடைவெளி இல்லாமற்போகும். சில்லைச் சுழற்றும் பக்கத் தண்டுகளின் மூட்டுகள் கோணலாக நின்று விரைவில் தேயும். ஓர் அங்குலம் திருகலாம். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் தாம் திருகுவதில்லை என்றார் மெக்கானிக்.

பின்புறத்தை உயர்த்தும் வழிகளை அவர் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். அச்சுக்கும் வில்லுக்கும் இடையே இரும்புக் கட்டை வைப்பது ஒன்று. மலிவானது, அரைநாளில் முடிவது. ஆனால் அச்சுக்கும் வில்லுக்கும் இடைத்தூரம் கூடுவதால், வண்டி விசையெடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அந்தக் கட்டை நெம்புகோல்போல நின்று வில்லை முறுக்கும். கட்டைமேற் கட்டை வைப்போரும் உளர். அது உயிரோடு விளையாடுவது. வில்லின் நுனியைச் சட்டத்தோடு பிணைக்கும் கொளுவியை நீளமாக்குவது இன்னொன்று. இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி உயர்வது ஓர் அங்குலமே. அன்றியும் வண்டி பக்கவாட்டில் ஆடும். அடுக்கில் ஒரு தகட்டைக் கூட்டுவது மூன்றாவது. பாரத்தோடு செல்லும்போது நன்று. வெறுமையாகச் செல்லும்போது மேடுபள்ளத்தில் வண்டி துள்ளும். பழைய தகடுகளை உலையிலிட்டு மீண்டும் வளைப்பது நான்காவது. உருக்கைச் செந்நிறமாகக் காய்ச்சி வளைத்தால் அதன் பதம் போய்விடும்; முறைப்படி தோய்த்து மீண்டும் பதப்படுத்தாவிட்டால் அது சில மாதத்தில் முன்போலத் தட்டையாகும், அல்லது முறியும். கடைசி வழி, வேண்டிய உயரத்துக்கும் வேண்டிய பாரத்துக்கும் ஏற்றவாறு அமைந்த புதிய வில்லடுக்கைப் போடுவது. செலவு மிக்கது, ஆனால் செம்மையானது.

"வண்டியின் உடலை மட்டும் சட்டத்திலிருந்து கட்டை வைத்து உயர்த்துகிறார்களே, அது எப்படி?" என்று மருமகன் கேட்டான்.

"அது ஆள் குள்ளமெண்டு தலைப்பாகை கட்டிறது மாதிரி" என்றார் கிழவர்.

உயராத ஒன்று

இதன் பின்னர் நடந்ததுதான் எனக்குப் பெரும்பாடம். அவர் என்னையும் வண்டியின் பின்னே குனியச் சொல்லி, விளக்கைப் பிடித்துக் காட்டினார். பின்னச்சின் நடுவிலே பூசணிக்காய்போலப் பருத்த ஓர் இரும்பு உறை. யந்திரத்தின் சுழற்சியை இரு சில்லுகளுக்கும் பகிர்ந்தளிக்கும் பற்சில்லுகள் அதனுள்ளே இருக்கின்றனவாம். வண்டியின் அடிப்பாகத்தில் நிலத்துக்கு மிக அண்மையில் இருப்பது அதுவே. கல்லிலும் வரம்பிலும் முதலில் இடிபடுவதும் அதுவே.

"இதுக்கும் நிலத்துக்கும் எட்டரை அங்குலம். நாலு அங்குலம் வில்லை உயர்த்தினால் எவ்வளவு ஐயா?"

நான் முதல் வாங்கிலிருக்கும் மாணவனைப்போல உடனே, "பன்னிரண்டரை" என்றேன்.

"எட்டரை" என்றார் அவர்.

சிறிது நேரம் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. வில் அச்சின்மேல் நிற்கிறது. அச்சு சில்லுகளின்மேல் நிற்கிறது. வில்லை எவ்வளவு உயர்த்தினாலும் உயர்வது வில்லுக்கு மேலே இருப்பவைதாம். சட்டம் உயரும், இருக்கை உயரும், ஏற்றிய மூட்டை உயரும், ஓட்டுபவனின் தலை உயரும். அச்சு நின்ற இடத்திலேயே நிற்கும். முன்புறத்திற் பற்சில்லுப் பெட்டி சட்டத்தோடு பிணைந்திருப்பதால் அது உயரும். பின்புறத்திலோ ஒரு மயிரிழையும் உயராது. அதனை உயர்த்தவேண்டுமானால் பெரிய சில்லுப் போடவேண்டும். அப்போதும் 29 அங்குல விட்டமுள்ள சில்லுக்குப் பதிலாக 31 அங்குலச் சில்லுப் போட்டால் அச்சு உயர்வது ஓர் அங்குலந்தான். அதற்கும் ஒரு விலை உண்டு. வேகமானி 60 கிலோமீற்றர் என்று காட்டும்போது வண்டி உண்மையில் 64 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். யந்திரமும் பிரேக்கும் கூடுதலாக உழைக்கவேண்டும்.

மருமகன் இலேசில் விட்டுக்கொடுப்பவன் அல்லன். "கோயில் தேர் எவ்வளவு உயரம்? அது விழுகுதோ?" என்று வாதாடினான்.

"தேர் வீதியிலை நடக்கிற நடையிலைதான் போகுது தம்பி. அதுக்கும் முட்டுக்கட்டை போட ஆள் நிக்குது. நீர் நடக்கிற வேகத்திலை ஓடுவீரெண்டால் நானும் தேரளவு உயர்த்தித் தாறன்" என்றார் அவர். நாற்பது ஆண்டு தேர்த் திருவிழாவைப் பார்த்த எனக்கு இந்த விடை ஒருநாளும் தோன்றியதில்லை.

பஸ்ஸில் ஒரு கணக்கு

திரும்பும் வழியில், எங்கள் பக்கத்துப் பாடசாலையிற் பௌதிகவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் பஸ்ஸிலே என்னருகில் அமர்ந்தார். அவரிடம் இவ்விடயத்தைச் சொன்னேன். அவர் பயணச்சீட்டின் பின்புறத்தில் ஒரு படம் வரைந்தார். வண்டியின் நிறை முழுவதும் ஒரு புள்ளியிலே திரண்டிருப்பதாகக் கொள்ளலாம். அதுவே புவியீர்ப்பு மையம். எடுத்துக்காட்டாக, இடச்சில்லுக்கும் வலச்சில்லுக்கும் இடையே 150 சென்ரிமீற்றரும், நிலத்திலிருந்து அந்த மையத்துக்கு 70 சென்ரிமீற்றரும் என்று வைத்துக்கொண்டால், நிற்கும் வண்டி பக்கவாட்டில் ஏறக்குறைய 47 பாகை சரிந்தால் கவிழும். நான்கு அங்குலம் உயர்த்தினால் மையமும் ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர் உயரும். அப்போது 43 பாகையிற் கவிழும். மூட்டைகளை அடுக்கி மையத்தை 90 சென்ரிமீற்றருக்குக் கொண்டுவந்தால் 40 பாகை; உயர்த்திய வண்டியில் அவ்வாறே அடுக்கினால் 37 பாகை. இது அசையாமல் நிற்கும் வண்டிக்கு, அதன் விற்கள் அமுங்காதெனக் கொண்ட கணக்கு. ஓடும் வண்டி வளைவிலே திரும்பும்போது விற்கள் ஒருபக்கம் அமுங்குவதையும், குழியொன்று குறுக்கிடுவதையும் சேர்த்தால் இன்னும் குறையும்.

"அமெரிக்காவில் 2001 ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து, கவிழும் அபாயத்தை அரசாங்கமே தரம்பிரித்து வெளியிட்டு வருகிறது. சில்லிடைத் தூரத்தை மையத்தின் உயரத்தின் இரு மடங்கால் வகுப்பதே அதற்கு அடிப்படை. அகலம் மேலே நிற்கிறது, உயரம் கீழே நிற்கிறது. கீழே இருப்பது கூடினால் விடை குறையும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு" என்றார் நண்பர்.

அவர் இன்னொன்றும் சொன்னார். இவ்வகை வண்டிகள் பலவற்றிலே பின்னச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே சிறு கம்பியொன்று இருக்கும். பாரம் ஏறிச் சட்டம் தாழ்ந்தால் அக்கம்பி அதனை ஒரு வால்வுக்கு உணர்த்தும். வால்வு பின்சில்லுகளுக்குக் கூடுதலான பிரேக் விசையை விடும். சட்டத்தை உயர்த்திவிட்டுக் கம்பியை அப்படியே விட்டால், ஒரு தொன் நெல் ஏற்றியிருக்கும்போதும் வால்வு வண்டி வெறுமை என்றே எண்ணும், பின்பிரேக் குறையும். உயர்த்தியவருட் பலர் இக்கம்பியை மறந்துவிடுவர். இறக்கத்திலேதான் அது நினைவுக்கு வரும்.

"தண்ணீர்?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறியது. "ஓடுகின்ற தண்ணீர் ஓரடி ஆழம் இருந்தாற் சிறிய கார்களை மிதக்கச் செய்துவிடும். இரண்டடி இருந்தாற் பிக்கப் போன்ற பெரிய வண்டிகளையும் இழுத்துச் செல்லக்கூடும். உயர்த்திய வண்டியைத் தண்ணீர் சற்றுக் குறைவாகத்தான் தூக்கும். ஆனால் அடியிலே தாம்போதி அரித்துப் போயிருக்கிறதா இல்லையா என்பது மேலே நிற்பவனுக்குத் தெரியாதே" என்றார்.

தாம்போதியில்

அடுத்த கிழமையும் சென்றேன். கராச்சுக்குப் போகுமுன் மருமகனைத் தாம்போதிக்கு அழைத்துச் சென்றேன். அது வெயிற்காலம். சேறு காய்ந்து வெடித்திருந்தது. எருமைகள் இரண்டு நிழலில் நின்றன. தாம்போதியின் ஓரத்திலே ஒரு சீமெந்துத் தூண் உண்டு. "அன்று தண்ணீர் எதுவரை நின்றது?" என்று கேட்டேன்.

அவன் சிறிதும் தயங்காமற் போய்த் தூணில் ஓரிடத்தைத் தொட்டான். நானும் பக்கத்திற் போய் நின்றேன். என் இடுப்புக்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய இரண்டரை அடி. அந்த இடத்திலிருந்து நான்கு அங்குலம் என்பது நான்கு விரல் அகலத்துக்குச் சற்றுக் கூடுதல். அதனைக் கையால் அளந்து காட்டினேன்.

"உயர்ந்திருந்தால் அன்று போயிருப்பாய் என்று சொன்னாய் அல்லவா?"

"ஓம் மாமா."

"நானும் அதைத்தான் நினைக்கிறேன். உயர்ந்திருந்தால் நீ திரும்பியிருக்கமாட்டாய்."

அவன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. தூணையும் அப்பாலுள்ள பள்ளத்தையும் மாறிமாறிப் பார்த்தான். ஏழு ஆண்டுகளாகத் தன் கோழைத்தனம் என்று எண்ணி உள்ளுக்குள் வெட்கிவந்த ஒன்று, இரண்டு உயிர்களைக் காத்த செயல் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது போலும். அவன் கண்கள் கலங்கியதை நான் காணாதவன்போல் எருமைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தெரிந்து கொண்டது

அன்று கராச்சிலே முடிவு எளிதாயிற்று. அவன் வண்டி பெரும்பாலும் அரைப் பாரத்தோடு ஓடுவதால், அப்பாரத்துக்கு ஏற்ற புதிய வில்லடுக்கு. பழைய இயல்பான உயரத்தைவிட ஒன்றரை அங்குலம் கூடுதல். முன்புறத்தில் ஓர் அங்குலம். அந்த அளவுக்கு ஏற்ற நீளமுள்ள சொக் அப்சோபர்கள். சில்லின் பருமன் பழையதே. சேற்றைப் பற்றும் ஆழமான வெட்டுள்ள ரயர்கள் மட்டும் புதியவை. பிரேக் வால்வின் கம்பி புதிய உயரத்துக்குச் சீராக்கப்பட்டது. எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யாதபடி முன்விளக்குகள் தாழ்த்தப்பட்டன. சில்லுகளின் கோணங்கள் மீண்டும் அளந்து திருத்தப்பட்டன. சூடேறிய அச்சு குளிர்ந்த நீரில் இறங்கும்போது, அதன் மூச்சுக்குழல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடும் என்பதனால், அக்குழலுக்கு நீண்ட றப்பர்க் குழாயொன்று பூட்டி மேலே கொண்டுவந்து கட்டினார் மெக்கானிக். வேலை தொடங்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக் கம்பனியிலும் கேட்டறிந்துகொள்ளச் சொன்னேன். அது என் பங்கு, எழுத்து வேலை.

வண்டி வெளியே வந்து நின்றபோது அதன் தோற்றத்திற் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. அயலிலுள்ள இளைஞர் ஒருவர், "இவ்வளவு காசுக்கு இவ்வளவுதானோ?" என்று கேட்டாராம். கூனிப்போன முதுகு நிமிர்ந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. வயலிலே நெல் ஏற்றியபின் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. முன்பெல்லாம் பாரம் ஏறியதும் பின்புறம் நிலத்தைத் தொடுவதுபோலத் தாழ்ந்து, முகம் வானத்தைப் பார்க்கும். இப்பொழுது மட்டமாக நிற்கிறது.

இவ்வளவையும் நான் எழுதுவது, ஆசிரியர்களும் மாணவர்களும் வண்டித் தொழில் பழகவேண்டும் என்பதற்காகவன்று. உயர்வு என்ற சொல்லை நாம் மேடைகளில் மிகத் தாராளமாக வழங்குகிறோம். எதன்மேல் நிற்கிறோம், எதைச் சுமக்கிறோம், எந்த வழியிற் செல்கிறோம் என்ற மூன்றையும் அளந்த பின்னரே எத்தனை அங்குலம் என்று கேட்கவேண்டும் என்பதை எனக்குச் சொல்லித் தந்தவர், ஏடு படிக்காத ஒரு கிழவர். இழந்த உயரத்தை மீட்பது வேறு; இல்லாத உயரத்தைக் கட்டை வைத்துத் தேடுவது வேறு. இரண்டும் நாடாவில் ஒரே அளவாகத் தோன்றலாம்.

அடுத்த தவணையில் உப்பு வணிகரின் பாட்டை மீண்டும் நடத்தினேன். இம்முறை கரும்பலகையில் வண்டியொன்றின் அடிப்பாகத்தை வரைந்து, அச்சு எங்கே இருக்கும், பாரம் எதன்மேல் தங்கும், மாற்று அச்சை எங்கே கட்டுவார்கள் என்று காட்டினேன். பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், அப்ப அந்த வணிகர் வண்டியை உயர்த்தாமல் ஏன் இன்னொரு அச்சைக் கொண்டு போனவை?" என்று கேட்டான். முப்பது ஆண்டுகளில் இப்பாட்டைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட மிக நல்ல வினா அதுவே.

கடனை மருமகன் மாதந்தவறாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறான். மாரி தொடங்குமுன், ஊர்ச் சங்கத்தாரிடம் சொல்லிவிட்டு, தாம்போதித் தூணில் ஓரடி உயரத்திலே சிவப்பு மையினால் ஒரு கோடு கீறினானாம். தண்ணீர் அக்கோட்டுக்குக் கீழே தணிந்து, ஓட்டமும் அடங்கியிருந்தால், இறங்கி நடந்து பார்த்துவிட்டுப் போவான். கோட்டைத் தொட்டாலோ, கீழே நின்றும் வேகமாகப் பாய்ந்தாலோ, வண்டியைத் திருப்பிக்கொண்டு உழவு இயந்திரக்காரரின் வீட்டுப் படலையைத் தட்டுவான்.